ஏழாவது பிளான்

வாசற்படியை உடைத்து முடித்த பிறகுதான் கணக்கு உதைத்தது.

"ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம்னு போட்டிருக்கே," என்றார் வீட்டுக்காரர். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் எப்படி இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டுப் போனுக்கு வரவழைத்திருந்த குறிப்பை மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

கொத்தனார் சம்மட்டியைக் கீழே சாய்த்து வைத்தார். "வராந்தா ரெண்டரை அடி உயரம் சார்."

"அப்போ முப்பதடி."

"வராந்தாவுல இருந்து கேட் வரைக்கும் ஒன்பதடிதான்."

இருவரும் கேட்டைப் பார்த்தார்கள். கேட்டுக்கு அப்பால் குறுகலான தெரு. தெருவுக்கு அப்பால் எதிர்வீட்டு டீச்சர், கொடியில் துணியை உதறிப் போட்டபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முப்பதடின்னா எங்க ஹால்ல வந்து முடியும்," என்றார் டீச்சர். "பரவால்ல. உங்க வீட்டம்மா வந்து ஒரு டீ குடிச்சுட்டுப் போகட்டும்."

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. வரைபட விஷயத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஒரு வால்வு தொழிற்சாலையில் வரைபடங்களைச் சரிபார்ப்பது அவர் உத்தியோகம். ஒரு கோடு மயிரிழை தள்ளியிருந்தாலும் தாளின் மூலையில் சிவப்பு மையால் 'மறுபடி' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். இருபத்தாறு வருடமாக எழுதி எழுதி அதுவே அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'மறுபடி'. நாம் நடுவில் நின்று மறுபடியார் என்று வைத்துக்கொள்வோம்.

மறுபடியாருக்கு அரைகுறை வேலை ஆகாது. செய்தால் ஒரே தடவையில், முழுசாக, குறை சொல்ல இடமில்லாமல் செய்ய வேண்டும். இப்படி ஒரு கொள்கை இருந்தால் வீட்டில் எந்த வேலையும் நடக்காது என்பது அவர் வீட்டைப் பார்த்தால் தெரியும்.

வாசலில் ஐந்து படிகள் இருந்தன. மூன்றாம் படியின் விளிம்பு பெயர்ந்து பதினோரு வருடம். "ஒரு கை சிமென்ட் பூசுங்களேன்" என்று மனைவி சொன்னபோதெல்லாம், "ஒட்டுப் போடுற வேலையெல்லாம் வேண்டாம், மொத்த வாசலையும் ஒழுங்கா மாத்திடுவோம்" என்பார். நீல நிறக் கோப்பு ஒன்றில் வாசலுக்கு ஆறு பிளான்கள் இருந்தன. ஆறிலும் மூலையில் சிவப்பு மை.

மனைவி நேர் எதிர். துணிக்கடை ஒன்றில் ஆயத்த உடைகளை அளவு மாற்றித் தைத்துக் கொடுப்பவள். கொஞ்சம் பிரிப்பாள், கொஞ்சம் பிடிப்பாள், போட்டுப் பார்க்கச் சொல்வாள், இன்னும் கொஞ்சம் பிடிப்பாள். "இது ஒரு முறையா?" என்று அவர் கேட்டால், "உடம்புக்குச் சேர்ந்தா சரிதானே" என்று ஊசியைப் பல்லில் கடித்தபடி சொல்வாள்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு மாலை, இரண்டு கையிலும் பையோடு வந்தவள் மூன்றாம் படியில் கால் வைத்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போதுகூட, 'அன்னைக்கே சொன்னேனே' என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. திட்டு வாங்கினால் ஆறிப்போகும். அவள் சொல்லாமல் விட்டதுதான் அவரைத் தூங்கவிடாமல் தின்றுகொண்டிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்புவதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதில் ஒரு சிக்கல். நடைப்பயிற்சி கொடுக்கும் பிசியோ பெண் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"நானும் வேன்ல கூட வருவேன் சார். வாசலைப் பார்த்து ஃபாரம்ல எழுதணும். அம்மா உள்ள போக வசதியா இருந்தா வீட்டுல விடுவோம். இல்லைன்னா அவங்க அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லியிருக்காங்க."

அக்கா வீட்டில் லிஃப்ட் உண்டு. அக்கா வீட்டில் எல்லாம் உண்டு. "மூணு மாசம் எங்கிட்ட இருக்கட்டும், அந்த உடைஞ்ச படி வீட்டுல என்ன இருக்கு?" என்று அக்கா கேட்டாயிற்று. மூன்று வாரமாகத் தன் வீட்டில் மறுபடியார் இருமினால் அவருக்கே கேட்கிறது. அவள் இல்லாத வீட்டில் அவருக்கு இருக்கப் பிடிக்கவில்லை. பதினோரு வருடக் கடனை இந்த ஒன்பது நாளில், ஒரே அடியில், குறையே இல்லாமல் அடைத்துவிட வேண்டும். அதற்குத்தான் ஏழாவது பிளான்.

கொத்தனார் முதல் நாளே சொல்லிப் பார்த்தார். "மூணாவது படியைப் பூசி, ஓரமா ஒரு பைப் நட்டா இப்போதைக்குப் போதும் சார். மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம் பாத்துக்கலாம்ங்கிற பேச்சே நம்மகிட்ட கிடையாது," என்றார், பதினோரு வருடம் அப்புறம் பார்த்துக்கொண்டிருந்தவர். "பழசு இருக்கிற வரைக்கும் புதுசு வராது. உடைங்க."

உடைத்தாயிற்று. இப்போது வீட்டுக்குள் போக வழியில்லை.

கொத்தனார் வராந்தாவின் இடது ஓரமாக ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்தார். மறுபடியார் அதில் ஏறி, வராந்தாவைக் கட்டிப்பிடித்து, முழங்காலால் ஊர்ந்து தன் வீட்டுக்குள் போனார்.

"ஆடுது," என்றார் உள்ளிருந்து.

*

முப்பதடியை ஒன்பதடிக்குள் அடக்க ஒரு வழி இருந்தது. பத்தடி பத்தடியாக மூன்று மடிப்பு. முற்றத்தின் அகலத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. மறுபடியார் வரைந்து முடித்து, தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தார். சிவப்புப் பேனாவைத் தேடவே இல்லை.

மறுநாள் அஸ்திவாரம் தோண்டும்போது கடப்பாரை தண்ணீர்க் குழாயில் இறங்கியது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, முற்றம் முழுக்கத் தண்ணீர். கொத்தனார் கையால் பொத்திக்கொண்டு, "சாக்கு கொண்டாங்க சார், சாக்கு!" என்று கத்தினார்.

"சிறுதுளி பெருவெள்ளம்னு சும்மாவா சொன்னாங்க," என்றார் எதிர்வீட்டு டீச்சர்.

அந்த நேரம் பார்த்து மனைவியின் போன்.

"என்னங்க, இன்னைக்கு ஒண்ணு ஆச்சு." குரலில் மூச்சு வாங்கியது.

"சரி சரி, சந்தோஷம். நீ படுத்து ரெஸ்ட் எடு," என்றார் அவர், முழங்கால் தண்ணீரில் சாக்கோடு நின்றுகொண்டு.

என்ன ஒன்று என்று கேட்கவில்லை. தினமும் போடும் ஊசியைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். வாசல் வேலையைப் பற்றியும் மூச்சு விடவில்லை. வந்து பார்த்து அசந்து போகட்டும்.

வாளிக்குப் பதிலாக அன்றைக்குக் கொத்தனார் மூன்று அடுக்காகச் செங்கல் வைத்திருந்தார். மறுபடியார் ஏறிப் பார்த்து, "இதுவும் ஆடுது" என்றார். கொத்தனார் மிச்சமிருந்த கலவையைப் போட்டுக் கல்லை உட்கார வைத்தார்.

"தற்காலிகம்தானே?" என்று கேட்டார் மறுபடியார், சந்தேகமாக.

"தற்காலிகம்தான் சார்."

சனிக்கிழமைக்குள் சாய்தளத்தின் பக்கச் சுவர்கள் எழும்பிவிட்டன. வாடகைக்கு ஒரு சக்கர நாற்காலி வந்தது. சோதிக்காமல் எதையும் ஏற்பவரல்ல மறுபடியார்; தானே ஏறி உட்கார்ந்தார். கொத்தனார் தள்ளினார். முதல் பத்தடி வெண்ணெயாக ஏறியது. மடிப்பில் திரும்பும் இடத்தில் நாற்காலியின் முன்சக்கரம் இந்தச் சுவரிலும் பின்சக்கரம் அந்தச் சுவரிலும் முட்டிக்கொண்டு நின்றது. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. இறங்கலாம் என்றால் காலை வைக்க இடமில்லை.

"திரும்புறதுக்கு அஞ்சடி வேணும்போல இருக்கு சார். நாம மூணடிதானே விட்டிருக்கோம்."

"சுவரை உடைங்க," என்றார் மறுபடியார், கைகளை மடியில் கோத்துக்கொண்டு.

உடைக்க இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குள் டீச்சர் வந்து அவரிடம் அன்றைய செய்தித்தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

சாயந்திரம் போன். "இன்னைக்கு ரெண்டுங்க!"

"நல்லது, நல்லது. டாக்டர் சொல்றதைக் கேட்டு நட."

மூன்று மடிப்பும் செங்கல் குவியலாகிக் கிடந்தது. அதைத் தாண்டி, செங்கல் அடுக்கில் ஏறி உள்ளே போகும்போது மறுபடியாரின் முழங்கால் சொடுக்கியது. "ஒவ்வொண்ணும் மலை மாதிரி இருக்கு. ஐம்பத்தெட்டு வயசு முட்டி ஏறுமா இதை?" என்று பொரிந்தார். கல்லுக்குத்தான் இப்போது பஞ்சமில்லையே. ஞாயிற்றுக்கிழமை அவர் புது யோசனையில் மூழ்கியிருந்தபோது, கொத்தனார் அந்த அடுக்கை உயரம் குறைத்து, அகலம் கூட்டி, ஆறாகப் பிரித்துக் கட்டிவிட்டுப் போனார்.

புது யோசனை அபாரமானது. சாய்தளமே வேண்டாம். நாற்காலியோடு ஆளைத் தூக்கி வராந்தாவில் இறக்கிவிடும் மெஷின் ஒன்று இருக்கிறது. பட்டனை அழுத்தினால் போதும். இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? மெஷின் உட்கார ஒரு குழி மட்டும் வேண்டும். ஐந்தடிக்கு ஐந்தடி, இரண்டடி ஆழம். படிகள் இருந்த அதே இடத்தில், மட்டம் வைத்து, இம்மி பிசகாமல் மறுபடியார் முன்னால் நின்று குழியைத் தோண்ட வைத்தார். அப்படி ஒரு நேர்த்தியான குழியை அந்தத் தெரு பார்த்ததில்லை.

திங்கட்கிழமை மனைவி கொஞ்சம் தயங்கித் தயங்கிப் பேசினாள். "இன்னைக்கு மூணு. மூணாவதுலதாங்க ரொம்ப பயந்துட்டேன். கையெல்லாம் நடுங்குது."

"ஊசின்னா யாருக்குத்தான் பயமில்ல? பல்லைக் கடிச்சுக்கோ."

அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்டது. "சரிங்க. நேர்ல வந்து காட்டுறேன்."

ஊசி போட்ட இடத்தை எதற்குக் காட்ட வேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை. யோசிக்க நேரமும் இல்லை, மெஷின் கம்பெனிக்குப் போன் போட வேண்டியிருந்தது.

*

செவ்வாய்க்கிழமை மெஷின் லாரியில் வந்தது. மெஷின் நாலடி அகலம். கேட் மூன்றரை.

"கேட்டைக் கழட்டுங்க," என்றார் மறுபடியார்.

கேட்டைக் கழற்றினால் கூடவே ஒரு தூணும் வந்தது. நாலு பேர் மூச்சுப் பிடித்து மெஷினைக் குழி ஓரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதைப் பொருத்த வந்தவர் வராந்தாவின் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு மறுபடியாரைப் பார்த்தார்.

"மூணு ஃபேஸ் கரண்ட் இல்லையா சார் உங்களுக்கு?"

"ஒரு ஃபேஸ்தான்."

"அப்போ இது ஓடாது. எழுதிக் கொடுத்தா ஒன்றரை மாசத்துல இணைப்பு தருவாங்க."

மெஷின் வந்த லாரியிலேயே திரும்பிப் போயிற்று. மறுபடியார் அதை வழியனுப்பிவிட்டு, வாசற்படி இல்லாத, கேட் இல்லாத, ஒரு தூண் இல்லாத தன் வீட்டைப் பார்த்தார். குழி மட்டும் குறையில்லாமல் இருந்தது.

உள்ளே ஏறும்போது தடுமாறினார். கோபத்துக்கு ஒரு இடம் வேண்டுமே. "பிடிச்சு ஏற ஒரு பிடி உண்டா இதுல? இந்தப் பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்ல!" என்று கொத்தனார் மேல் பாய்ந்தார். கொத்தனார் தலையைச் சொறிந்தார். கழற்றிய கேட்டில் நல்ல குழாய்கள் இருந்தன. இரண்டை அறுத்து, ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் நட்டுவிட்டார்.

புதன்கிழமை மழை. குழி நிரம்பிக் குளமாயிற்று. எங்கிருந்தோ ஒரு தவளை வந்து குடியேறியது.

"ஒருத்தராவது உங்க வீட்டுல சுலபமா உள்ள போயிட்டாங்க," என்றார் டீச்சர்.

போனில் மனைவி, "அஞ்சு ஆயிடுச்சுங்க! முடிஞ்சுது!" என்று குழந்தைபோலக் கத்தினாள். இன்னும் இரண்டே நாள். "வெள்ளிக்கிழமை வரேன்," என்றாள் அவள். "வாசல்ல நில்லுங்க."

எந்த வாசல் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

வியாழக்கிழமை மறுபடியார் நீலக் கோப்பைத் திறக்கவே இல்லை. வராந்தாவில் கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நீங்க கிளம்புங்க கொத்தனாரே. இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்ல."

"சட்டில கொஞ்சம் கலவை மிச்சம் இருக்கு சார். வீணாப் போயிடும்."

"என்னமோ பண்ணுங்க. நேத்து மழையில அந்தத் தற்காலிகம் வழுக்கித் தொலைச்சுது."

கொத்தனார் கலவையை மேலே பூசி, ஈரம் காய்வதற்குள் துடைப்பக் குச்சியால் குறுக்குக் குறுக்காகக் கோடு இழுத்துவிட்டார். கால் பிடிக்கும்.

*

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வேன் வந்தது. மறுபடியார் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு குழிக்கு முன்னால் நின்றார். அதை மறைக்கலாம் என்று நினைத்திருப்பார். ஐந்தடிக் குழியை ஒரு ஆள் மறைக்க முடியாது.

மனைவி கைத்தடியை ஊன்றி இறங்கினாள். இளைத்திருந்தாள். பிசியோ பெண் ஒரு கையில் ஃபாரத்தோடு பக்கத்தில் நின்றாள்.

அவர் ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்து வைத்திருந்த விளக்கம் எதுவும் வாயில் வரவில்லை.

"எங்கிட்ட பதினோரு வருஷம் இருந்துச்சு," என்றார். "ஒரு கை சிமென்ட் பூசல. அப்புறம் ஒன்பது நாள் இருந்துச்சு. இருந்ததையும் உடைச்சுட்டேன். உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும்னுதான் எல்லாம் பண்ணேன்... வீடு தயாரா இல்லம்மா. நீ அக்கா வீட்டுக்கே போயிடு."

எதிர்வீட்டு டீச்சர்கூட உதறிய துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

மனைவி குழியைப் பார்த்தாள். தவளையைப் பார்த்தாள். பிறகு கழுத்தை நீட்டி அவருக்குப் பின்னால் இடது பக்கம் பார்த்தாள்.

"அது என்னங்க?"

"எது? அதுவா? அது ஒண்ணுமில்ல. தற்காலிகம். வேலை நடக்கும்போது ஏறி இறங்க..."

பிசியோ பெண் அதற்குள் அங்கே போயிருந்தாள். குழாயைப் பிடித்து உடம்பின் பாரத்தைப் போட்டு உலுக்கினாள், அசையவில்லை. பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து உயரம் பார்த்தாள், அகலம் பார்த்தாள். செருப்புக் காலால் தேய்த்துப் பார்த்தாள். ஏறினாள், இறங்கினாள்.

"வாங்கம்மா," என்றாள்.

மனைவி வலது கையால் கேட் குழாயைப் பிடித்தாள். இடது கையில் தடி. நல்ல காலை முதலில் தூக்கி வைத்து, மற்றதை மேலே இழுத்துக்கொண்டாள்.

"ஒண்ணு," என்றாள்.

மறுபடியாருக்கு எங்கோ கேட்ட குரலாக இருந்தது.

"ரெண்டு."

மூன்றாவதில் நின்றாள். கை நடுங்கியது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அப்போ அது ஊசி இல்லையா?"

"எந்த ஊசி?" என்றாள் அவள், திரும்பாமலேயே. "தினமும் பழகினேங்க. ஒரு நாளைக்கு ஒரு படி, முடியாத அன்னைக்கு அதே படி. நம்ம வீட்டுக்கு அஞ்சு படிதானே."

அவர் ஓடிப்போய் அவளுக்குப் பின்னால் கை விரித்து நின்றார். விழுந்தால் பிடிக்க. அவள் விழவில்லை. மூன்று, நான்கு, ஐந்து.

"இன்னும் ஒண்ணு இருக்கே!" என்று திகைத்தாள். "நான் அஞ்சுதானே பழகினேன்?"

"குட்டிப் படிதாம்மா. அஞ்சு ஏறினவங்களுக்கு ஆறு தெரியாதா?" என்றாள் பிசியோ பெண்.

தெரிந்தது. வராந்தாவில் ஏறி நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு மாதத்துக்குப் பிறகு தன் வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். "ஒரே தூசி," என்றாள். அதைக் கேட்டு மறுபடியார் அழுதேவிட்டார்.

பிசியோ பெண் ஃபாரத்தில் வரிசையாக டிக் அடித்தாள். "ரொம்ப நல்லா வந்திருக்கு. யார் பிளான் போட்டது?"

"பிளானா?" என்று, கூலிக் கணக்கு முடிக்க வந்திருந்த கொத்தனார் தலையைச் சொறிந்தார். "அதெல்லாம் இல்லம்மா. சார் தினம் ஒரு குறை சொல்வாரு. நான் அன்னைக்குச் சொன்னதை மட்டும் சரி பண்ணிட்டுப் போவேன்."

மறுபடியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த ஆறு படிகளைப் பார்த்தார். ஒன்பது நாளாகத் தினம் பத்து முறை மிதித்துத் திட்டியதை இப்போதுதான் நின்று பார்க்கிறார்.

பிசியோ பெண் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஏதோ எழுத விட்டுப்போனதுபோலப் பேனாவோடு குழியின் பக்கம் திரும்பினாள்.

"எல்லாம் சரி சார். வாசலுக்கு இவ்வளவு அம்சமா படி கட்டியிருக்கீங்களே, பக்கத்துல எதுக்கு சார் இந்தக் குழி?"